நான்காவது ஊரில் புதுப் பிறவி எடுத்தவர்

புதுத் தொடக்கக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சமீபத்தில்தான் முடி வெட்டியிருப்பார். பழைய இடத்தைப் பற்றிக் கேட்டால் பெருந்தன்மையாகச் சிரிப்பார், "அங்கயும் நல்ல மனுஷங்கதான் இருந்தாங்க" என்பார், பிறகு அந்த நல்ல மனிதர்கள் ஒவ்வொருவரும் தன்னை எப்படிக் கவிழ்த்தார்கள் என்று முக்கால் மணி நேரம் விவரிப்பார். அவரிடம் ஒரு குறையும் கிடையாது. இருந்த குறையெல்லாம் இடத்தில் இருந்தது. இடத்தை மாற்றிவிட்டார், குறை அங்கேயே தங்கிவிட்டது. இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று யாராவது காட்ட முடியுமா? இருபத்திரண்டு வருடமாக நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த இனத்தை அலுவலகங்களிலும் பார்க்கலாம், இரண்டாம் கல்யாணங்களிலும் பார்க்கலாம். ஆனால் அது செழித்து வளர்வது எங்கள் அமெரிக்கக் கால்பந்தில்தான், அதிலும் குவார்ட்டர்பேக் என்கிற அந்த ஒற்றை வேலையில்தான். பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரே மூன்று ஆள் கனத்தில் மனிதர்கள் அவரைத் தரையோடு தேய்ப்பதற்கென்றே ஓடி வருவார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள், அதாவது மூன்று விநாடிக்குள், தன் ஆட்களில் யார் கையில் பந்தை எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். எதிராளி கையில் எறிந்தால் எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று அவருடைய தாயாரை விசாரிப்பார்கள். இப்படி ஒரு வேலையில் தோற்றவன் குற்றத்தை வேறு எங்காவது இறக்கி வைக்காமல் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியுமா?

என் பெயர் வெர்ன் ஸ்லெஸாக். ஈரி ஏரிக்கரையில் எங்கள் ஊரின் ஸ்டோக்கர்ஸ் அணிக்குச் சாமான் அறை என் பொறுப்பு. ஹெல்மெட்டைத் தலைக்குப் பொருத்துவேன், தோள் கவசத்துக்கு வார் மாற்றுவேன், வருகிறவர்களின் பெயரைச் சட்டை முதுகில் தைப்பேன், போகிறவர்களின் பெயரைப் பிரிப்பேன். குவார்ட்டர்பேக்குகள் மட்டும் இதுவரை பதினோரு பேர். பதினோரு பேரும் புதுத் தொடக்கத்துக்காகத்தான் வந்தார்கள். பதினோராவது ஆள்தான் கார்வின் ஹாடிக்ஸ். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்த இனத்தின் எல்லா லட்சணமும் ஒரே உடம்பில் அமைந்தது அவருக்குத்தான்.

மார்ச் மாதம் வந்து இறங்கினார். நாங்கள் அவருக்கு நான்காவது ஊர். இந்த இனத்துக்கு வந்து இறங்குவது ஒரு சடங்கு, அதை அவர் குறைவில்லாமல் செய்தார். எங்கள் தொப்பியை வாங்கி, தலையில் வைக்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நிருபர்களைப் பார்த்து, "இந்த ஊர் ஜனங்க உழைப்பாளிங்க, நானும் உழைப்பாளி, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்னு பிளேன் இறங்கும்போதே தெரிஞ்சுபோச்சு" என்றார். அன்றைக்கு இருந்த பனிமூட்டத்தில் பிளேனிலிருந்து ஓடுபாதையே தெரிந்திருக்காது. முந்தைய மூன்று ஊர்களைப் பற்றிக் கேட்டார்கள். முதல் ஊரில் முன்வரிசைக்காரர்கள் அவரைக் காக்கவில்லை. இரண்டாவது ஊரில் இரண்டு வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள். மூன்றாவது மலை மேல் இருக்கும் ஊர், காற்று அடர்த்தி இல்லை, பந்து அவர் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். காற்றுமா ஒரு மனிதனுக்கு எதிராகச் சதி செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு என் அறைக்கு வந்தார்.

"அண்ணே, எட்டாம் நம்பர் வேணாம். பதினேழு குடுங்க."

"எட்டுக்கு என்ன தம்பி?"

"அந்த எட்டு வேற ஆளுண்ணே. அவன் செத்துட்டான்."

செத்துப்போனவனுக்கு அனுதாபம் தெரிவித்துவிட்டுப் பதினேழைத் தைத்தேன். அவர் கோதுமை சாப்பிடுவதை விட்டுவிட்டார் என்றும், கால் வைக்கும் முறையைச் சரி செய்யக் கலிபோர்னியாவில் ஒரு குருவைப் பிடித்திருக்கிறார் என்றும் தெரிய வந்தது. மறுநாள் விடியற்காலையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும் படம் ஒன்றைப் போட்டார். இந்த இனத்தில் முகத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு புதுத் தொடக்கக்காரர் தனியாக உயிர் வாழ முடியாது. அவரைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஊர் வேண்டும். எங்கள் ஊர் இதில் தேர்ந்த ஊர். மைதானத்துக்கு எதிரே காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ராக்ஸான், ஒவ்வொரு புதுக் குவார்ட்டர்பேக் பெயரிலும் ஒரு ஆம்லெட் போடுவாள். ஹாடிக்ஸ் ஆம்லெட்டில் புகையிட்ட சாஸேஜும் வதக்கிய வெங்காயமும் இருந்தன. முந்தைய பத்து ஆம்லெட்டுகளிலும் அவைதான் இருந்தன.

"இவன் வேற மாதிரி, வெர்ன்," என்றாள், தட்டை வைத்துக்கொண்டே. "அங்கெல்லாம் ஆளுங்க சரியில்ல. பாவம், பிள்ளைய நாசம் பண்ணிட்டானுங்க."

"போன தடவையும் இதைத்தானே சொன்ன?"

"போன தடவை வந்தவன் பொய் சொன்னான். இவன் கண்ணைப் பாரு, பொய் சொல்ற கண்ணா அது?"

கண்ணைப் பற்றி அவள் சொன்னது சரி. அந்தக் கண் பொய்யே சொல்லாது. அதுதான் அவருடைய வியாதி.

மே மாதத்தில் முதல் பயிற்சி நடந்தது. ஓரமாகத் தண்ணீர்ப் புட்டிகளோடு நின்றிருந்தேன். பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. பந்து கைக்கு வரும் முன்பே ஹாடிக்ஸின் கண் எமெட் என்கிற ஆட்டக்காரனிடம் போய்விடும். எமெட் எங்கள் ஆட்களிலேயே வேகமாக ஓடுகிறவன். எமெட் இடது பக்கம் ஓடினால் கண் இடது பக்கம் போகும், வலது பக்கம் ஓடினால் வலது பக்கம். கல்யாண வீட்டில் பந்தி எப்போது போடுவார்கள் என்று சமையல்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பவரைப் போல, ஓடி முடிக்கும்வரை அவனையே பார்ப்பார், பிறகு அவனுக்கே எறிவார். எதிரணியில் கொஞ்சம் புத்தியுள்ள ஒருவன் பந்தைக் கவனிக்கவே வேண்டாம். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் திசையில் நடந்து போனால் போதும்.

இதை யாரிடம் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கோச் மில்ட் பாசெக் அன்று பள்ளிக்கூடப் பையனைப் போலக் கை தட்டிக்கொண்டிருந்தார். ஹாடிக்ஸைத் தேடிப்பிடித்துக் கொண்டு வந்தது அவர்தான். படம் போட்டுப் பார்க்கும் உதவிக் கோச்சுகள் கண் விஷயத்தைக் கவனித்து, 'சிறு பழக்கம், திருத்திக்கொள்ளலாம்' என்று எழுதி வைத்தார்கள். முந்தைய மூன்று ஊர்களிலும் அப்படியே எழுதி வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது தண்ணீர்ப் புட்டிக்காரன் போய் ஊர் வாயில் மண்ணைப் போடுவானேன்?

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் பாசெக் என் அறை வாசலில் வைத்து ஹாடிக்ஸிடம் பேசினார். நான் ஹெல்மெட்டுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு கார்வின். இது நாலாவது சட்டை. அஞ்சாவதை எவனும் தைக்க மாட்டான். புரியுதா?"

"அஞ்சாவது வேண்டியதே இல்ல கோச். நான் வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு."

வீடு என்று மூன்று ஊர்களிலும் சொல்லியிருப்பாரோ என்று நினைத்தேன், ஆனால் குரலைக் கேட்டால் பாவமாக இருந்தது. அவருக்கு வயது இருபத்தெட்டு. பதினோரு வயதிலிருந்து இதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. இங்கேயும் தோற்றால் அப்புறம் ஆட்டமே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

செப்டம்பரில் நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி. ராக்ஸான் கடையில் ஹாடிக்ஸ் ஆம்லெட் விலை குறைந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, ஹெல்மெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி இருக்கா?"

"வெயிலே இல்லாத ஊர்ல அது எதுக்குத் தம்பி?"

"அவனுங்க என் கண்ணைப் படிக்கிறானுங்கண்ணே. இதெல்லாம் ஒரு ஆட்டமா? சுத்த அயோக்கியத்தனம்!"

இங்கேதான் வாசகரே, நீங்கள் அந்த இனத்தை முழுசாகப் பார்க்கிறீர்கள். கண்ணைப் பார்த்துத் திட்டத்தைத் தெரிந்துகொள்கிறார்கள் என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான்? கண்ணை வேறு பக்கம் திருப்பப் பழகுவான். புதுத் தொடக்கக்காரர் அப்படிச் செய்தால் பழைய ஆளே தொடர்கிறான் என்று ஆகிவிடாதா? அதனால் அவர் கண்ணுக்குத் திரை போட்டார். அதற்கு உதவி செய்தது யார்? நான்தான். கறுப்புக் கண்ணாடி போட லீக்கில் டாக்டர் கடிதம் வேண்டும் என்று விதியைச் சொன்னேன், யாரைப் பார்த்தால் கடிதம் கிடைக்கும் என்பதையும் சொன்னேன். வெளிச்சம் பட்டால் தலைவலி வருகிறது என்று கடிதம் வந்தது. ஈரி ஏரிக்கரையில், அக்டோபர் மாதத்தில், வெளிச்சமாம்! லீக் அதை ஏற்றுக்கொண்டது. நான் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

அடுத்த நாலு ஆட்டமும் ஜெயித்தோம்.

ஊர் தலைகீழானது. ஆம்லெட்டில் காளான் சேர்ந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார்கள். தொலைக்காட்சியில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஒருவர், சூழ்நிலை சரியாக அமைந்தால் திறமை தானாக வெளியே வரும் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஹாடிக்ஸ் பேட்டி கொடுத்தார்: "இந்த ஊர் என்னை நம்புச்சு. அதுதான் வித்தியாசம்." பாசெக் மறுபடி கை தட்ட ஆரம்பித்தார். நானும் தட்டினேன். பத்து நிமிடத்தில் பார்த்ததை நாலு வாரத்தில் மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? உண்மையாகவே மறந்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம் எதிரணிக்காரன் ஒருவன், கண் தெரியாவிட்டாலும் தாடை தெரிகிறதே என்று கண்டுபிடித்தான். கண் போகும் பக்கம் ஹாடிக்ஸின் தாடையும் போகும். தாடைக்குத் திரை போட லீக் விதியில் இடம் இல்லை. அடுத்தடுத்து இரண்டு தோல்வி.

நவம்பர் கடைசி ஞாயிறு, சொந்த மைதானம், பட்டியலில் முதல் இடத்தில் இருக்கும் அணி. "இன்னிக்குத் தோத்தா அடுத்த வாரம் இவன் ஆடமாட்டான்" என்று பாசெக் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். வண்டி நிறுத்தும் இடத்தில் காலை எட்டு மணிக்கே அடுப்புப் புகை. மதியம் ஏரியிலிருந்து நனைந்த பனி வீசியது. கடைசி ஒரு நிமிடம், நாலு புள்ளி பின்னால், எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பதினெட்டு கஜம். ஒரு தடவை எமெட் அல்லது வேறு யாராவது அந்தக் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தால் போதும், ஆறு புள்ளி. பாசெக் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். ஹாடிக்ஸ் என்னை நோக்கி ஓடி வந்தார்.

"அண்ணே, மூச்சு படிஞ்சு ஒண்ணும் தெரியல. கழட்டுங்க!"

குளிரில் விரல் மரத்திருந்தது. இரண்டு கிளிப்பையும் நெம்பிக் கண்ணாடியை உருவினேன். ஏழு வாரம் கழித்து அந்தக் கண்ணை அரை அடி தூரத்தில் பார்க்கிறேன். அது என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எமெட் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மே மாதம் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. 'தம்பி, அவனைப் பாக்காதே, வேற பக்கம் பாரு.' ஒரே ஒரு வரி, சொல்ல நேரமும் இருந்தது. அவர் தோளில் தட்டி, "ஜமாய் தம்பி!" என்றேன்.

பந்து கைக்கு வந்தது. எமெட் வலது மூலைக்கு ஓடினான். கண்ணும் ஓடியது. எதிரணிக்காரன் அவசரமே இல்லாமல் அந்த மூலைக்குப் போய், தபால்காரரிடம் கடிதம் வாங்குவதைப் போலப் பந்தை வாங்கிக்கொண்டான்.

எழுபதாயிரம் பேர் தாயாரை விசாரித்தார்கள்.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் கூடினார்கள். அவர்கள் மோசமானவர்கள் அல்ல. இந்த இனத்துக்குத் தீனி போடத் தெரிந்தவர்கள். ஒருவர் கேட்டார், கண்ணாடியில் மூச்சு படிந்ததுதான் காரணமா என்று. இன்னொருவர் ஏரிக்காற்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது ஆள், எமெட் தப்பான வழியில் ஓடிவிட்டானா என்று கேட்டார். ஓர் ஆளுக்கு மூன்று காரணம், மூன்றும் இலவசம். ஹாடிக்ஸின் ஏஜென்ட் டேனா க்ரோல், ஓரத்தில் நின்று, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கண்ணால் சாடை காட்டிக்கொண்டிருந்தார். எடுத்திருந்தால் ஐந்தாவது ஊருக்கு டிக்கெட் தயாராகியிருக்கும்.

ஹாடிக்ஸ் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எமெட் சரியாத்தான் ஓடினான்," என்றார். "நான்தான் அவனையே பாத்துக்கிட்டிருந்தேன். எப்பவுமே அப்படித்தான் பாக்கிறேன். காத்தெல்லாம் இல்லைங்க. மொத ஊர்லயே ஒரு கோச் சொன்னார். அந்தாளு சரியில்லன்னு நெனச்சேன்."

ஒருவரும் எழுதவில்லை. இதை எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் க்ரோல் வெடித்தார். "உன்னை யாரு இதெல்லாம் சொல்லச் சொன்னது? தப்பு அணி மேலன்னா இன்னொரு அணிக்கு அனுப்பலாம். கோச் மேலன்னா இன்னொரு கோச்சைப் பிடிக்கலாம். உன் மேலன்னா நான் உன்னை எங்கய்யா கொண்டு போய் வைக்கிறது?"

"தெரியல, டேனா," என்றார் ஹாடிக்ஸ். முகத்தில் களைப்பு இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் நான் அவரைப் பார்த்த ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக எதிரில் இருந்தவரை நேராகப் பார்த்துப் பேசினார்.

பாசெக்கின் கோபம் இன்னும் அதிகம். சாமான் அறைக்கு வந்து என்னிடம் கொட்டித் தீர்த்தார். "பாத்தேன் பாத்தேன்னு சொல்லிட்டானே வெர்ன்! அப்போ இவனை எடுத்தவன் எதைப் பாத்தான்னு என்னைக் கேப்பாங்களே!" ராக்ஸான் திங்கட்கிழமையே பலகையில் ஹாடிக்ஸ் ஆம்லெட்டை அழித்தாள். "அவனே ஒத்துக்கிட்டான், வெர்ன். மூணு ஊரு சொன்னப்போ நான் நம்பலயே! எவ்வளவு நம்பினேன்!" என்று மூக்கைச் சிந்தினாள். தோற்றதை மன்னித்திருப்பாள். காரணத்தைப் பறித்துக்கொண்டதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரை நீக்கினார்கள். நீக்கப்பட்டவருக்குக் கறுப்புக் குப்பைப் பை ஒன்று கொடுப்பது எங்கள் வழக்கம். அலமாரியில் இருப்பதை அதில் வாரிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு பை கொடுத்தேன். காலணிகள், கலிபோர்னியா குருவின் நோட்டு, தாயாரின் படம் எல்லாவற்றையும் போட்டு முடிச்சுப் போட்டார். கறுப்புக் கண்ணாடியை மேசை மேல் வைத்தார். போகிறவர் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் எமெட்டையே பாக்கிறேன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

நான் சட்டையிலிருந்து அவர் பெயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எச், ஏ போய்விட்டன.

"ஞாயித்துக்கிழமைதான் தம்பி," என்றேன். "கண்ணாடியைக் கழட்டினேன்ல, அப்போ."

நம்பினார். "அதானே. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க," என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார். ஊரே கேட்க உண்மை சொன்ன மனிதனிடம், நாலு சுவருக்குள் ஒரு உண்மை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இன்றுவரை எந்த அணியும் அவரைக் கூப்பிடவில்லை. குறை சூழ்நிலையில் இருக்கும் ஆளைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், குறை தன்னிடம் இருக்கும் ஆளுக்கு எங்கேயும் இடம் இல்லை.

இந்த மார்ச்சில் பன்னிரண்டாவது ஆள் வந்திருக்கிறார். தெற்கே ஏதோ ஓர் ஊரில் வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். படத்தில் பார்த்தேன், அடி விழும் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். அதனால் என்ன? சின்னப் பழக்கம். ராக்ஸான் சாஸேஜ் வாங்கி வைத்துவிட்டாள். உண்மையாகச் சொல்கிறேன், இவர் வேற மாதிரி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் மைத்துனர் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்து, உங்கள் வீட்டில் உட்கார்ந்து, அங்கே ஆட்கள் சரியில்லை என்று சொன்னபோது, இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, "விடுங்க, புது இடத்துல எல்லாம் சரியாயிடும்" என்றீர்களே, அவரிடம் என்ன கோளாறு என்று உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் ஒருநாள் நேராக வந்து நின்று கேட்பார். அதற்குள் சொல்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்களும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.